திருப்பி அனுப்பிய கடிதம், மறுத்த கடிதம் இல்லை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. ஒரு பக்கம் போட்டோ கொப்பி மெஷின், மறு பக்கம் பாஸ்போட் படம் எடுக்கிற இடம். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் இருப்பதைத் தமிழுக்கும், தமிழில் இருப்பதைச் சிங்களத்துக்கும், இரண்டையும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுப்பது என் தொழில். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவேன், பொழுதுபடத் திரும்பிப் போவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் நாள்.

வருகிறவற்றில் பெரும்பாலானவை பிறப்புச் சான்றிதழ்களும் விவாகச் சான்றிதழ்களும். வெளிநாடு போகிறவர்களின் கடுதாசிகள். அவற்றை மாற்றும்போது மனம் லேசாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வகைக் கடிதம் மேசைக்கு வந்தால் மட்டும் அன்றைய நாள் கனத்துவிடும். அது ஐந்தாறு வரிதான். கோவை இலக்கம், திகதி, உங்கள் விண்ணப்பம் தொடர்பாக என்று ஒரு தொடக்கம். அடுத்த வரியில், “வெடிதுர சாக்‌ஷி இதிரிபத் கரன்ன.” மேலதிக சான்றுகளைச் சமர்ப்பிக்கவும்.

புதுக்குடியிருப்பிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாய்க்கு அந்த வரியை முதலில் சிங்களத்திலேயே வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “வெடியோ பிள்ளை? வெடியைப் பற்றி இனி என்ன கேக்கிறாங்கள்?” சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு ‘மேலும்’, ‘கூடுதலாக’ என்றுதான் பொருள். அந்தத் தாயின் காதுக்கு அது வேறாகக் கேட்டது. அவருடைய மகனின் முழங்காலுக்குள் செல் துண்டு இன்னும் இருக்கிறது. காயம் எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டு எழுதப்பட்ட கடிதத்தில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் வெடி.

இன்று இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். காயப்பட்டவர்கள் நட்டஈடோ, அங்கவீன ஓய்வூதியமோ கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்கிறார்கள். அதுவும் “சான்று போதாது” என்று திரும்பி வருகிறது. அந்த இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். நிற்கவே கூடாத இடம் அது.

என் கையால் நடந்தது

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. தொழில் தொடங்கிய முதல் வருடங்களில், ஒரு பின்னேரம், கடை பூட்டுகிற நேரத்தில் ஒரு பெண் வந்தார். கணவனுக்குக் கண் போயிருந்தது. கடிதத்தைத் தந்து, “மாட்டமெண்டிட்டாங்களோ அக்கா?” என்று கேட்டார். நான் அவசரத்தில் கடிதத்தின் முதல் பந்தியை மட்டும் பார்த்தேன். “தற்போதைய நிலையில் அனுமதிக்க முடியாது” என்று இருந்தது. “ஓம், மாட்டமெண்டுதான் எழுதிக் கிடக்கு” என்றேன். அவர் அழவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பல வருடம் கழித்து வேறொரு தேவைக்காக அதே கோவையோடு திரும்பி வந்தார். அப்போதுதான் கடிதத்தின் இரண்டாம் பந்தியை வாசித்தேன். கண் வைத்தியரின் அறிக்கை ஒன்றை மூன்று மாதத்துக்குள் அனுப்பினால் விண்ணப்பம் மறுபடியும் பரிசீலிக்கப்படும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அறிக்கை அவருடைய கோவைக்குள்ளேயே இருந்தது. அவர் அதை அனுப்பாததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை.

அன்றிலிருந்து எவ்வளவு நேரமானாலும் கடிதத்தைக் கடைசிப் புள்ளிவரை வாசிக்காமல் வாய் திறப்பதில்லை. மறுத்துவிட்டார்கள் என்பதும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. மறுப்பு கதவைச் சாத்துவது. திருப்பி அனுப்புவது கதவை நீக்கலாக விட்டு, “இன்னும் ஒன்றைக் கொண்டு வா” என்பது. ஏற்கெனவே பத்துத் தரம் கதவு சாத்தப்பட்டவருக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும்.

கப்பலில் போன கடுதாசி

புதுக்குடியிருப்புப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவனிடம் கேட்ட சான்று, காயப்பட்ட நாளின் வைத்தியசாலைப் பதிவு. 2009 மாசியில் காயம். அந்த மாதத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியே செல்லடிக்குள் இருந்தது. நோயாளிகளையும் வைத்தியர்களையும் கடற்கரையோரம் புதுமாத்தளனுக்கு மாற்றினார்கள். அங்கே பள்ளிக்கூடக் கட்டடத்தில் பாயைப் போட்டுச் சிகிச்சை நடந்தது. தாய் சொன்னார்: “பேர் எழுதினவை பிள்ளை. ஒரு கொப்பியிலதான் எழுதினவை. அந்தக் கொப்பி எங்க போச்சோ.”

நான் கேட்டேன்: “பிறகு எங்க கொண்டு போனவை?”

“கப்பல்ல.”

அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய கோவை திறந்தது. 2009 பெப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு காயப்பட்டவர்களையும் கூட வந்த உறவினர்களையும் ஆயிரக்கணக்கில் கடல் வழியாக வெளியே கொண்டுபோனது. அந்தக் கப்பல்கள் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் போயின. அங்கே இறங்கியவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் பதிவு போடப்பட்டது. அப்படியென்றால் அரசு கேட்கிற சான்று அரசின் இன்னொரு கட்டடத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. அதைத் தேடிப் போகவேண்டியவர் யார்? கால் மடக்க முடியாத ஒரு பிள்ளையும், புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வரும் அவனுடைய தாயுமா?

கடைசியில் அவர்கள்தான் போனார்கள். வாட்டில் சேர்த்த திகதியும் காயத்தின் விவரமும் உள்ள ஒரு பிரதி கிடைக்க எட்டு மாதம் எடுத்தது. ஒரு பக்கம்தான். ஆங்கிலத்தில் இருந்த அதைச் சிங்களத்துக்கு மாற்றி நான் முத்திரை வைத்தபோது தாய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானோ?” என்றார்.

நான் கொட்டாஞ்சேனையில் இருப்பவள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அன்று காயப்பட்டவர்கள் எந்த நாள், எந்த இடம் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. உலகமே பார்த்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பாதுகாப்பு, புலனாய்வுப் பொறுப்பில் இருந்தவர்கள் தங்கள் பங்குக்கும் நட்டஈடு கட்டவேண்டும் என்றும், அந்தப் பணம் இழப்பீட்டு அலுவலகத்தின் நிதியத்துக்குப் போகவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கேட்டபோது என் தெருவுக்கே ஒரு மூச்சு வந்தது. அதே வேளை புதுமாத்தளனில் தொலைந்த அந்தக் கொப்பி என் நினைவுக்கு வந்தது. இரண்டு இடத்திலும் காயம் காயம்தான். ஒரு காயத்துக்குச் சாட்சி நகரம் முழுக்க இருந்தது. மற்றதற்குச் சாட்சியாக ஒரு பள்ளிக்கூடக் கொப்பி மட்டும் இருந்தது.

களனியிலிருந்து வந்தவர்

சில வருடத்துக்கு முன்னர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். சிங்களவர். களனியில் வீடு. களனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை, மோதரை, மட்டக்குளி என்று நாங்கள் இருக்கிறோம். அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் அவருடைய இடம். தமிழிலிருந்து சிங்களத்துக்கு ஒரு சத்தியக்கடதாசியை மாற்றித் தரவேண்டும் என்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். முன்னாள் இராணுவம் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். 83 ஆடிக் கலவரத்தின்போது எனக்குப் பத்து வயது. சீருடையைக் கண்டால் இன்றைக்கும் என் வயிறு ஒருதரம் இறுகும். அவர் சீருடையில் இல்லை. வெள்ளைச் சேர்ட், தேய்ந்த செருப்பு, கையில் பிளாஸ்டிக் கோவை. கோவையைத் திறந்தேன். மேலாக இருந்த கடிதத்தில் அதே வரி. வெடிதுர சாக்‌ஷி.

சண்டையில் காயப்பட்டவர் இல்லை அவர். வவுனியாப் பக்கத்தில் கடமைக்குப் போகும்போது வாகனம் தடம்புரண்டு இடுப்பு எலும்பு முறிந்தது. சிகிச்சைக்கான பதிவு இருந்தது. எலும்பு முறிந்தது பற்றிச் சந்தேகமே இல்லை. கடமையில் இருக்கும்போதுதான் முறிந்தது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. அன்றைய பதிவேட்டில் விபத்தை யாரோ எழுதாமல் விட்டுவிட்டார்கள். கூட இருந்த இருவர் பின்னாளில் இறந்துபோனார்கள். இரண்டு தரம் மேன்முறையீடு செய்து இரண்டு தரமும் கோவை திரும்பி வந்திருக்கிறது.

மூன்றாம் தரம் அவர் தனியாக வவுனியாவுக்கு பஸ் ஏறியிருக்கிறார். விபத்து நடந்த வளைவைத் தேடிப் பிடித்து, அங்கே இருந்த சின்னக் கடைக்குள் போய், தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறார். கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு சமாதான நீதவானிடம் கூட்டிக்கொண்டு போய்த் தமிழில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்திருக்கிறார். அதுதான் என் மேசைக்கு வந்தது.

அதில் கடைக்காரர் சொல்லியிருந்தது இவ்வளவுதான். காலையில் வாகனம் என் கடைக்கு முன்னால் பிரண்டது. அதில் இருந்தவர்கள் சீருடை போட்டிருந்தார்கள். ஒருவரை நான் இழுத்து எடுத்தேன். அவருக்கு எழும்ப முடியவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. “அம்மே, அம்மே” என்று கத்தினார். அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

சிங்களத்தில் அம்மாவை அம்மே என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தியக்கடதாசி முழுவதிலும் நான் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதிய சொல் அது ஒன்றுதான்.

போரில் அங்கவீனமான படைவீரர்களுக்காக இந்த நாட்டில் தனி ஏற்பாடுகள் உண்டு. 1999இன் சட்டத்தில் உருவான ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. ராகமையில் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் 2018இல் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் அங்கவீனமுற்ற முன்னாள் வீரர்கள் ஓய்வூதியம் கேட்டு நாட்கணக்காக உட்கார்ந்திருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். வென்ற பக்கத்தில் நின்றவருக்கும் கடிதம் அதே மொழியில் அதே வரியோடுதான் போகிறது என்பதை அந்தக் களனிக்காரரின் கோவை எனக்குக் காட்டியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உலகத்தில் வேறு இடங்களில் இதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

முதலில் இந்தியா. இந்திய இராணுவத்தின் 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளின்படி, சேவையால் வந்த அல்லது சேவையால் மோசமான ஒரு குறைபாட்டால் ஒருவர் வெளியேற்றப்பட்டு, அந்தக் குறைபாடு 20 வீதமோ அதற்கு மேலோ என்று கணிக்கப்பட்டால் அவருக்கு அங்கவீன ஓய்வூதியம் இருந்தது. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெற்ற மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரருக்கும், 1987க்கும் 1990க்கும் இடையில் எங்கள் யாழ்ப்பாணத்துத் தெருவில் காயப்பட்டுத் திரும்பிய அமைதிப்படைச் சிப்பாய்க்கும் பொதுவாக இருந்த விதிகள் அவை.

சண்டை எல்லாம் “சேவையால் வந்த” என்ற அந்த இரண்டு சொல்லில்தான். 1985இல் சமிக்ஞைப் படைப்பிரிவில் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற வீரருக்குச் சேவைக்காலத்தில் வலிப்பு வந்தது. 1994இல் வெளியேற்றினார்கள். 20 வீதக் குறைபாடு என்று வைத்தியக் குழு ஒப்புக்கொண்டது. அதே குழு, இது பிறவி உடல்வாகால் வந்தது, சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதியது. காரணம் எதுவும் எழுதவில்லை. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் வென்றார், மேல் அமர்வில் தோற்றார், பிறகு டெல்லிக்குப் போனார்.

2013 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. படையில் சேரும்போது இந்த மனிதனை நீங்கள்தான் பரிசோதித்தீர்கள். நோய் இருந்ததாக அன்று ஒரு குறிப்பும் எழுதவில்லை. நல்ல உடம்போடு உள்ளே போனவர் நோயோடு வெளியே வந்தால் அது சேவையில் வந்தது என்றே கொள்ளவேண்டும். இல்லையென்று சொல்பவர்தான் காரணத்தை எழுதவேண்டும். 1982ஆம் ஆண்டின் உரித்து விதிகளும் இதையேதான் சொல்லின. தகுதியை நிரூபிக்கும்படி விண்ணப்பதாரரைக் கேட்கக்கூடாது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே போகவேண்டும். போர்க்களச் சேவையில் இருந்தவருக்கு இன்னும் தாராளமாகப் போகவேண்டும்.

விதி 1982இலேயே இருந்தது. அது தரம்வீர் சிங்குக்குப் பொருந்தும் என்று சொல்லவைக்க, வெளியேற்றிய நாளிலிருந்து 19 வருடம் எடுத்தது. 2009இலிருந்து இப்படியான வழக்குகளுக்கென்றே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. 2023இல் புதிய உரித்து விதிகள் வந்தபோது முன்னாள் வீரர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. போராட்டம் முடியவில்லை.

காலதாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. தர்செம் சிங் என்பவர் 1983இல் அங்கவீனத்தோடு வெளியேறி, 1999இல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதியத்துக்கு அவருக்கு உரிமை உண்டு என்பது ஏற்கப்பட்டது. நிலுவை மட்டும் மனுப் போட்டதற்கு முந்திய 3 வருடத்துக்குத்தான் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்தப் பதினாறு வருடத்தில் பெரும்பகுதி அப்படியே போயிற்று.

எரிந்த கோவைகள்

அடுத்து அமெரிக்கா. அங்கே முன்னாள் படைவீரர் மூன்றைக் காட்டவேண்டும். இப்போது ஒரு குறைபாடு இருக்கிறது. சேவையில் ஒரு சம்பவம் நடந்தது. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது. களனிக்காரரிடம் முதலாவது இருந்தது. இரண்டாவதைத்தான் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது ஒரு கடமை. சான்றைத் தேடுவதில் விண்ணப்பதாரருக்கு உதவ வேண்டியது அரசின் வேலை. படைப் பதிவுகளை அரசே எடுப்பிக்கவேண்டும், தேவையென்றால் வைத்தியப் பரிசோதனைக்கும் அரசே ஒழுங்கு செய்யவேண்டும். இதைச் செய்யாமல் மறுத்திருந்தால் மேன்முறையீட்டுச் சபை கோவையைக் கீழ் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும். அங்கே திருப்பி அனுப்புவது “அதிகாரிகளே, உங்கள் வேலையை முடியுங்கள்” என்ற கட்டளை. 1998இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அப்படித் திருப்பி அனுப்பும்போது சொன்னதெல்லாம் செய்யப்படவேண்டும் என்பது அந்த வீரரின் உரிமை என்றது.

நடைமுறையில் அங்கேயும் கோவைகள் மேலும் கீழுமாகச் சுற்றின. கூண்டுக்குள் எலி ஓடும் சக்கரம் என்று அதற்கு வழக்கறிஞர்கள் பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் செக்குமாடு என்றிருப்பார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2019 பெப்ரவரியிலிருந்து மூன்று பாதை திறந்தார்கள். புதுச் சான்றோடு மீண்டும் கேட்கலாம், மூத்த அதிகாரி ஒருவரை அதே கோவையை மறுபடி பார்க்கச் சொல்லலாம், அல்லது நேரே சபைக்குப் போகலாம். எந்தப் பாதையில் போனாலும் ஒரு வருடத்துக்குள் அடுத்த அடியை வைத்தால் முதல் விண்ணப்பத் திகதி காப்பாற்றப்படும். வென்றால் அந்தத் திகதியிலிருந்து பணம் கணக்கிடப்படும்.

பதிவே இல்லாவிட்டால்? 1973 ஜூலை 12ஆம் திகதி சென் லூயிஸ் நகருக்கு அருகே படைவீரர்களின் ஆவணக் கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடி 60 இலட்சத்திலிருந்து 1 கோடி 80 இலட்சம் வரையான கோவைகள் அழிந்தன. பிரதிகள் எடுத்து வைத்திருக்கவில்லை. 1912க்கும் 1960க்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் 80 வீதம் போய்விட்டது. அதன் பிறகு நீதிமன்றங்கள் ஒரு கொள்கையை வகுத்தன. கோவை அரசின் கையில் இருக்கும்போது தொலைந்தால், முடிவுக்கான காரணத்தை விளக்குவதிலும் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பதிலும் அரசுக்குப் பொறுப்பு கூடும். சண்டையில் நின்றவர் அங்கே நடந்ததைச் சொன்னால், அது அந்தச் சேவையின் சூழலுக்குப் பொருந்துமானால், எழுத்துப் பதிவு இல்லையென்றாலும் ஏற்கவேண்டும். நேரில் பார்த்த சாதாரண மனிதரின் வாக்குமூலத்தையும், பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது.

இதை வாசித்தபோது வவுனியாக் கடைக்காரர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்.

இரண்டு பக்கமும் சமமாக நின்றால் முடிவு வீரருக்கே சாதகமாகவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 1990இல் ஒரு தீர்ப்பில் இதைப் பேஸ்போல் விளையாட்டோடு ஒப்பிட்டு விளக்கினார்கள். எங்களுக்குக் கிரிக்கெட்டே போதும். நடுவருக்குச் சந்தேகம் வந்தால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழக்கவில்லை. மைதானத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த நியாயம் இது. கந்தோர் மேசையில் அது ஏன் தலைகீழாகிறது?

இங்கே என்ன வேண்டும்

எங்கள் நாட்டில் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க 1987இலேயே ஓர் அதிகாரசபை வந்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டு அலுவலகம் உருவானது. அமைப்புகளும் சட்டங்களும் இருக்கின்றன. நான் கேட்பது கடிதத்தின் மொழியை மாற்றுங்கள் என்பதுதான்.

“மேலதிக சான்று” என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கடுதாசி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அது ஏன் தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். அது அரசின் இன்னொரு திணைக்களத்தில் இருக்கிறதென்றால் நீங்களே கேட்டு எடுங்கள். ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்தத் தாய்க்கு அது எட்டு மாதம். இடம்பெயர்விலோ, 2004 டிசம்பர் 26இன் சுனாமியிலோ, நெருப்பிலோ கடுதாசி போய்விட்டது என்றால் நேரில் பார்த்தவரின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். சமமாக நின்றால் காயப்பட்டவர் பக்கம் சாயுங்கள். தகுதியில்லாத ஒருவர் உள்ளே வந்துவிடுவாரே என்ற பயம் எனக்கும் புரிகிறது. பொய் சொல்லிப் பணம் எடுப்பவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. உண்மை சொல்லியும் கிடைக்காமல் செத்துப்போனவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

கடிதம் கையில் இருப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். என் மேசையில் படித்தவை இவை.

கடிதத்தைக் கடைசி வரிவரை வாசிப்பியுங்கள். திகதியையும், பதில் அனுப்பவேண்டிய கெடுவையும் முதலில் சிவப்பால் வட்டமிடுங்கள். கடித உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும்.

கடிதம் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்குத் தந்த உரிமை அது. கொழும்பிலிருந்து வரும் கடிதத்துக்கும் பொருந்தும். எனக்குக் காசு கொடுத்து மொழிபெயர்க்கவேண்டிய தேவையே உங்களுக்கு வந்திருக்கக்கூடாது என்பதை நானே சொல்கிறேன்.

கோவைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பதில் எழுதாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் கோவையின் பிரதியைக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அதற்கும் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு வரை போகலாம். முன்பு கொடுத்த ஒரு பக்கம் கோவையில் சேராமலே விட்டதை இப்படிக் கண்டுபிடித்தவர்கள் எனக்குத் தெரியும்.

கேட்ட கடுதாசி இல்லையென்றால் “இல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் இல்லை, எங்கே தொலைந்தது, யார் யார் அன்று பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பார்த்தவரிடம் சத்தியக்கடதாசி வாங்குங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சின்ன வசனங்களில் அவர் சொல்லட்டும். கிளினிக் கொப்பி, பழைய துண்டுச் சீட்டு, கடவைச் சீட்டு, எதையும் குப்பையென்று நினைக்காதீர்கள்.

அனுப்புவதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைக் கோவையின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

புதுக்குடியிருப்புப் பிள்ளைக்குப் போன வருடம் பணம் வந்தது. தொகை பெரிதில்லை. தாய் தொலைபேசியில் சொன்னது தொகையைப் பற்றியே இல்லை. “அவனுக்குக் காயம் பட்டதெண்டு எழுதித் தந்திருக்கினம் பிள்ளை,” என்றார்.

களனிக்காரரின் கோவை மூன்றாம் தரம் மேலே போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பின் அடியில் என் தொலைபேசி இலக்கம் இருக்கும். கடைக்காரருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு வரும். சுகம் விசாரித்துவிட்டு அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

“தங்கச்சி, அந்தத் தம்பிக்குக் கிடைச்சிட்டுதோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“சரி. திரும்பக் கேட்டால் சொல்லுங்கோ. நான் வந்து நேரில சொல்லுறன்.”